முர்ச்சிசனா, அயெண்டேயா, அகுவாஸ் சார்காஸா: பிள்ளைகளுக்கு எந்த விண்கல் வாங்கலாம்?

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மாதம் இரண்டு சனிக்கிழமை, ஆறு குடும்பங்கள் சேர்ந்து பிள்ளைகளுக்குத் தமிழிலேயே அறிவியல் சொல்லித் தருகிறோம். தொடக்கநிலை 4 முதல் உயர்நிலை 2 வரை பதினான்கு பிள்ளைகள். இந்த ஆண்டு உண்மையான விண்கல் துண்டு ஒன்று வாங்குவது என்று முடிவுசெய்து வீட்டுக்கு இவ்வளவு என்று பணமும் போட்டாயிற்று. எந்தக் கல் என்பதில்தான் மூன்று வாரமாக வாட்ஸ்அப்பில் பேச்சு ஓடுகிறது. ஒருவர் மலிவாகப் பெரிய துண்டு என்கிறார், ஒருவர் சின்னதாக இருந்தாலும் பேர்பெற்றதாக இருக்கட்டும் என்கிறார், இன்னொரு அக்கா வாங்கவே வேண்டாம் என்கிறார். இதே யோசனையில் இருக்கும் மற்ற பெற்றோருக்கும் உதவும் என்பதால் நான் படித்ததையும் என் முடிவையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

போன ஆண்டு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒருவரிடம் விண்கல் என்று நம்பி ஒரு கறுப்புக் கட்டி வாங்கினோம். காந்தம் ஒட்டியது, கையில் எடுத்தால் கனம் தெரிந்தது, பிள்ளைகள் வரிசையில் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். ஓர் ஓரத்தை அறுத்துப் பார்த்தால் உள்ளே குமிழி குமிழியாக ஓட்டை. இரும்பை உருக்கும்போது ஒதுங்குகிற கசடு அது. கசட்டிலும் காந்தம் ஒட்டும், அதனால் காந்தத்தை மட்டும் நம்பக்கூடாது; அறுத்த பக்கத்தில் குமிழி தெரிந்தால் அநேகமாக அது விண்கல் இல்லை. உயர்நிலை 1 படிக்கும் பெண் ஒருத்தி அழுதேவிட்டாள். இந்த முறை நான் கண்டிப்பாக இருப்பதற்கு அவள்தான் காரணம்.

சரி, எதற்காக வாங்குகிறோம்? வானத்திலிருந்து விழுந்த கல் என்று காட்ட மட்டும்தான் என்றால் ஒரு இரும்பு விண்கல் சீவல் போதும், பளபளவென்று அழகாகவும் இருக்கும். நாங்கள் சொல்ல நினைக்கும் கதை வேறு. உயிர்களின் உடம்பில் இருக்கும் அமினோ அமிலங்கள், டிஎன்ஏவின் எழுத்துகளாக இருக்கும் காரங்கள், சர்க்கரை வகைகள் எல்லாம் பூமிக்கு வெளியே உயிரே இல்லாத இடத்தில் தாமாக உருவாகியிருக்கின்றன. அவை எங்கே, எப்படி உருவாயின என்பதைப் பிள்ளைகள் ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும். அந்தக் கதை கார்பன் சேர்மங்கள் கலந்த கரிமக் காண்டிரைட் என்ற வகைக் கற்களில்தான் இருக்கிறது. விழுவதைக் கண்டு எடுத்த கற்களில் அந்த வகை நூற்றுக்கு நான்கைந்துதான் தேறும், அதுவே விலை ஏறுவதற்கு ஒரு காரணம்.

கல்லை ஒப்பிடுவதற்கு முன் அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தேர்வு முழுக்க அதை வைத்துத்தான். இந்த மூலக்கூறுகள் ஒரே இடத்தில் உருவானவை அல்ல. சூரியன் பிறப்பதற்கு முன்பே இருந்த வாயுவும் தூசும் கலந்த மேகத்தில், சுழியத்துக்குக் கீழே 260 டிகிரி குளிரில், தூசுத் துகளின் மேல் தண்ணீர், கார்பன் மோனாக்சைடு, மெத்தனால், அம்மோனியா எல்லாம் பனியாகப் படிந்து கிடக்கும். அதன்மேல் புற ஊதாக் கதிரும் காஸ்மிக் கதிரும் படும்போது பிணைப்புகள் உடைந்து, உடைந்தவை வேறு மாதிரி ஒட்டிக்கொண்டு புதுச் சேர்மங்கள் பிறக்கும். அதற்கு ஆதாரம் கல்லிலேயே இருக்கிறது. விண்கல் அமினோ அமிலங்களில் டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் பூமியில் இருப்பதைவிட மிக அதிகம். அந்த அளவுக்குக் குளிர்ந்த இடத்தில் நடக்கும் வேதியியலில்தான் டியூட்டீரியம் அப்படிச் சேரும். பிறகு இளம் சூரியனைச் சுற்றிய வட்டில் கொஞ்சம் நடக்கிறது. கடைசியாக, இந்தக் கற்கள் உடைந்து வருவதற்கு முன் இருந்த சிறுகோளுக்குள். அந்தக் காலத்தில் பாறைக்குள் அலுமினியம்-26 என்ற கதிரியக்க அணு இருந்தது, அது சிதையும் சூட்டில் உள்ளே இருந்த பனி உருகித் தண்ணீராக ஓடியது, அந்தத் தண்ணீரில் ஆல்டிஹைடும் அம்மோனியாவும் ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்து அமினோ அமிலங்கள் உருவாயின. இதே வழியில் 1850இல் ஸ்ட்ரெக்கர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் ஆய்வுக்கூடத்தில் அலனின் செய்தார். மேகத்தில் மளிகை வாங்கிச் சிறுகோளுக்குள் சமைத்தது என்று நான் பிள்ளைகளிடம் சொல்வேன், சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

இனி கற்கள். முதலில் டெக்டைட். தாய்லாந்து போய்விட்டு வரும் யாராவது ஒருவர் கறுப்புக் கண்ணாடிக் கட்டி ஒன்றை வாங்கி வந்து விண்கல் என்று நீட்டுவது இங்கே வழக்கம். நம் தென்கிழக்காசியாவில் தாராளமாகக் கிடைக்கும், விலையும் சல்லிசு. ஆனால் அது ஏறக்குறைய 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெரிய மோதல் ஒன்று நடந்தபோது பூமியின் பாறையே உருகித் தெறித்து உறைந்த கண்ணாடி. மோதலைப் பற்றிப் பேச நல்ல பொருள், நம் வட்டாரத்தின் பொருளும்கூட. ஆனால் எங்கள் கதைக்கு அதில் ஒன்றும் இல்லை.

சகாரா பாலைவனத்தில் கிடைத்து, வகைப்படுத்தாமல் விற்கப்படும் கற்கள் அடுத்து. "கார்பன் வகையாக இருக்கலாம்" என்ற ஒரு வரியோடு விற்பார்கள். என்றைக்கு விழுந்தது என்று யாருக்கும் தெரியாது, எத்தனை நூற்றாண்டு வெயிலிலும் பனி ஈரத்திலும் கிடந்ததோ, பூமியின் நுண்ணுயிர்கள் எத்தனை தலைமுறை அதற்குள் குடியிருந்தனவோ. முறையாக வகைப்படுத்திப் பெயர் கொடுத்த சகாராக் கற்களில் அருமையானவை உண்டு. என்டபிள்யூஏ (வடமேற்கு ஆப்பிரிக்கா) 801 என்ற கல்லில் ரைபோஸ் சர்க்கரை இருப்பதாக 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் பெயரில்லாத கல்லை வாங்குவதற்கு நான் ஒரு வெள்ளிகூடக் கொடுக்க மாட்டேன். எந்தக் கல்லானாலும் உலக விண்கல் கழகம் நடத்தும் விண்கல் அறிக்கைத் தரவுத்தளத்தில் அதன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பெயர் இருந்தால் மட்டும் போதாது, உங்களிடம் விற்கும் துண்டு அந்தக் கல்லில் இருந்துதான் வந்தது என்று விற்பவர் கைமாறிய வழியைச் சொல்ல முடிய வேண்டும்.

அயெண்டே. மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் 1969 பிப்ரவரி 8ஆம் தேதி விழுந்தது. இரண்டு டன்னுக்கு மேல் கிடைத்ததால் இன்றும் விலை கையைக் கடிக்காது, எங்கள் பணத்துக்கு உள்ளங்கை அளவுச் சீவலே வரும். அறுத்த பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகக் கால்சியம், அலுமினியம் நிறைந்த கட்டிகள் தெரியும். சூரியக் குடும்பத்திலேயே உருவாகி நாம் வயது கண்டுபிடித்தவற்றில் மூத்த திடப்பொருள் அந்த வகைக் கட்டிகள்தான், ஏறத்தாழ 456 கோடியே 70 லட்சம் ஆண்டு. ஒரு பிள்ளை அந்த வெள்ளைப் புள்ளியைத் தொட்டுப் பார்க்கும்போது அதன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே எனக்குச் சபலம் வருகிறது. ஆனால் அயெண்டே தன் தாய்ச் சிறுகோளுக்குள் நன்றாகச் சூடேறிய கல். கார்பன் எடையில் அரை விழுக்காடுகூடக் கிடையாது, அமினோ அமிலங்களும் மிகக் குறைவு. அதாவது பேர் கரிமக் காண்டிரைட், ஆனால் சமையல் நடந்த அடுப்பு வேறு வீட்டில். குழுவில் பாதிப் பேர் இதற்குத்தான் கை தூக்கினார்கள், பெரிதாக இருக்கிறது, தொடலாம் என்று. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

அகுவாஸ் சார்காஸ். கோஸ்டா ரிக்காவில் 2019 ஏப்ரல் 23 இரவு விழுந்தது. ஒரு துண்டு நாய்க்கூண்டின் கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனது, நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. முர்ச்சிசன் போலவே சிஎம்2 வகை, அதாவது தண்ணீர் நிறைய ஊறிய, அதிகம் சூடாகாத கல். மொத்தம் 27 கிலோ அளவுக்குக் கிடைத்தது. இதன் சிறப்பு, ஊர் மக்கள் மழை வருவதற்கு முன்பே பல துண்டுகளைப் பொறுக்கிவிட்டார்கள். மழைக்கு முன், மழைக்குப் பின் என்று தனித்தனி விலையில் விற்கிறார்கள், மழைக்கு முன் எடுத்தது என்றால் விலை எகிறுகிறது. எங்கள் குழுவில் உயர்நிலைப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித் தரும் அண்ணன் இதைத்தான் வாங்க வேண்டும் என்கிறார். ஆய்வாளர் பார்வையில் அவர் சொல்வது சரி, சுத்தமான துண்டு வேண்டும் என்றால் புதிதாக விழுந்து நனையாததைத்தான் தேட வேண்டும். கனடாவின் டாகிஷ் ஏரியில் 2000 ஜனவரியில் உறைந்த பனிமேல் விழுந்த கல்லைக் கையால் தொடாமல் எடுத்து இன்றுவரை உறைபதனத்தில் வைத்திருக்கிறார்களே, அதுவும் இதே காரணத்துக்குத்தான்.

ஆனால் அந்தச் சுத்தத்துக்குக் கூடுதல் காசு கொடுத்து வாங்கி நாம் எங்கே வைக்கப்போகிறோம்? சிங்கப்பூரில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அலமாரியில், காற்றில் ஈரப்பதம் பெரும்பாலான நாள் எண்பது விழுக்காட்டைத் தொடும் ஊரில். இதைக் குழுவில் யாரும் சரியாக யோசிக்கவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிரான்சின் ஓர்கேய் ஊரில் 1864 மே 14 அன்று விழுந்த கல்லுக்குள் வெள்ளை நரம்புபோல் சல்பேட் உப்பு ஓடுகிறது. சிறுகோளில் தண்ணீர் ஓடிய தடம் என்று அதை வெகுகாலம் நம்பினார்கள். பிறகு பார்த்தால் அருங்காட்சியக அலமாரியின் ஈரக்காற்றே அந்த நரம்புகளை உண்டாக்கியிருக்கிறது என்று தெரிய வந்தது. அது ஐரோப்பாவின் காற்று! அதே ஓர்கேய் கல்லின் ஒரு துண்டில் செடி விதைகள் இருந்ததை 1960களில் ஆராய்ந்தபோது, விழுந்த காலத்திலேயே யாரோ விதையையும் நிலக்கரித் துணுக்கையும் பசை போட்டு ஒட்டியிருந்தது அம்பலமானது. இன்னும் கிட்டத்தில், 2024இல் வந்த ஓர் ஆய்வு. ரியுகு சிறுகோளிலிருந்து ஜப்பானின் ஹயபுசா2 விண்கலம் மூடிய கலனில் கொண்டுவந்த துகள் ஒன்றை லண்டனில் ஆராய்ச்சிக்குத் தயார்செய்து வைத்திருந்தார்கள், சில வாரங்களில் அதன்மேல் இழை இழையாகப் பூமியின் நுண்ணுயிர் வளர்ந்திருந்தது. உலகத்தின் தலைசிறந்த ஆய்வுக்கூடத்திலேயே அப்படி என்றால் நம் அலமாரியில் மழைக்கு முன், மழைக்குப் பின் என்ற வித்தியாசம் ஒரு வடகிழக்குப் பருவமழைக்குத் தாங்காது. அதற்கு மேல் பதினான்கு பிள்ளைகளின் விரல்கள். விரல்நுனி வியர்வையிலேயே செரின், கிளைசின் போன்ற அமினோ அமிலங்கள் தாராளமாக இருக்கின்றன. ஒரு தரம் தொட்டால் போதும், அந்தப் பரப்பில் எது வானத்திலிருந்து வந்தது, எது பிள்ளையின் கையிலிருந்து வந்தது என்று பிரிப்பது பெரிய வேலை ஆகிவிடும்.

அதனால் என் வாதம் இதுதான். நாம் கல்லை ஆராயப் போவதில்லை, அதை முன்னால் வைத்துக்கொண்டு கதை சொல்லப் போகிறோம். சுத்தத்துக்குக் கொடுக்கும் காசு நமக்கு வீண். எந்தக் கல்லைப் பற்றி அதிகம் தெரியுமோ, எந்தக் கல்லில் அந்த வேதியியலை முதலில் உறுதியாகக் கண்டார்களோ, அந்தக் கல்லுக்குக் காசு கொடுக்கலாம்.

அது முர்ச்சிசன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1969 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை காலையில் விழுந்தது. ஒரு துண்டு கொட்டகைக் கூரையைத் துளைத்து வைக்கோலுக்குள் போனது. எடுத்தவர்கள் ஸ்பிரிட் வாசனை அடித்ததாகச் சொன்னார்கள். நூறு கிலோவுக்கு மேல் கிடைத்தது. நேரமும் அப்படி அமைந்தது. அப்போதுதான் அப்போலோ 11 நிலாக் கல்லைக் கொண்டுவந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, துளி அமினோ அமிலத்தையும் கண்டுபிடிக்கும் கருவிகளோடு நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம் தயாராக இருந்தது. அங்கே வேலை செய்தவர்களில் ஒருவர் சிரில் பொன்னம்பெரும. இலங்கையின் காலியில் 1923இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் வாங்கி, அதற்குப் பிறகு லண்டன் போய் வேதியியல் படித்தவர். கீத் கிவன்வோல்டனும் அவரும் மற்றவர்களும் சேர்ந்து 1970 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில் முர்ச்சிசனில் கிளைசின், அலனின், வேலின், புரோலின், குளுட்டாமிக் அமிலம் இருப்பதைக் காட்டினார்கள். அதைவிட முக்கியமாக, பூமியின் புரதங்களில் இல்லாத அமினோ அமிலங்களும் இருந்தன. பெரும்பாலான அமினோ அமிலங்கள் நம் இரு கைகள்போல் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு வடிவங்களில் வரும்; அந்த இடக்கை வடிவமும் வலக்கை வடிவமும் கிட்டத்தட்டச் சமமாகவும் இருந்தன. பூமியின் உயிர்கள் புரதத்துக்கு இடக்கை வடிவத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும், கைபட்ட அழுக்காக இருந்தால் இடக்கைதான் மிகுந்திருக்கும். அன்றுவரை விண்கல்லில் அமினோ அமிலம் என்று யார் சொன்னாலும் "யாராவது தொட்டிருப்பார்கள்" என்ற பதில்தான் வந்துகொண்டிருந்தது, அந்தப் பேச்சு இந்தக் கல்லோடு நின்றது. தத்துவம் படிக்கச் சென்னைக்கு வந்த ஒரு காலிக்காரர் அந்தக் கூட்டத்தில் இருந்தார் என்று நம் பிள்ளைகளிடம் தமிழில் சொல்ல முடிகிறதே, எனக்கு அது பெரிய விஷயம்.

அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுக்கு மேலாக அந்தக் கல்லை ஆராய்ந்துகொண்டே இருக்கிறார்கள். எழுபதுக்கும் அதிகமான அமினோ அமிலங்கள் கண்டாயிற்று. 2010இல் மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அதி நுட்பமான நிறைமானியில் பார்த்தபோது பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறு வாய்பாடுகள் தெரிந்தன. 2020இல் அதிலிருந்து பிரித்தெடுத்த சிலிக்கன் கார்பைடு மணிகள் சில சூரியனைவிட மூத்தவை, 500 முதல் 700 கோடி ஆண்டு வயது என்றார்கள். அப்புறம் எனக்கு மிகவும் பிடித்தது ஐசோவேலின். பூமியின் உயிர்களில் மிக அரிதாகவே காணப்படும் இந்த அமினோ அமிலத்தில் இடக்கை வடிவம் சற்றுத் தூக்கலாக இருப்பதை 1997இல் குரோனினும் பிட்சரெல்லோவும் கண்டார்கள், பின்னால் வந்த அளவீடுகளில் முர்ச்சிசனில் அந்தத் தூக்கல் பதினெட்டு விழுக்காடு வரை போனது. உயிர்கள் இடக்கைப் பக்கம் சாய்ந்ததற்கு விண்கல்தான் தொடக்கமா என்ற கேள்வி அங்கிருந்துதான் சூடுபிடித்தது.

இந்த இடத்தில்தான் வாங்க வேண்டாம் என்று சொல்லும் அக்காவின் பேச்சை எடுக்க வேண்டும். அவர் சொல்வது, இன்று இந்தத் துறையில் நல்ல தரவு விற்பனைக்கு இல்லை, அது விண்கலங்கள் கொண்டுவந்த மாதிரிகளில் இருக்கிறது, அந்தப் படங்களும் முடிவுகளும் இலவசம். முழுக்க உண்மை. ஹயபுசா2 ரியுகுவிலிருந்து 5.4 கிராம் கொண்டுவந்தது, அதில் அமினோ அமிலங்களும் ஆர்என்ஏவின் காரங்களில் ஒன்றான யுராசிலும் இருந்தன. நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பென்னு என்ற சிறுகோளிலிருந்து எடுத்த 121.6 கிராம் 2023 செப்டம்பர் 24 அன்று யூட்டா பாலைவனத்தில் இறங்கியது. 2025 ஜனவரியில் வந்த முடிவுகளில், உயிர்கள் புரதத்துக்குப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14, டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டுக்கும் சேர்த்து உள்ள ஐந்து காரங்களும், நிறைய அம்மோனியா, கூடவே உப்புத்தண்ணீர் வற்றி மிஞ்சிய தாதுக்கள். பாறைக்குள் உப்புநீர் இருந்து மெல்ல ஆவியாகி வற்றியிருக்கிறது, நான் சொன்ன சமையல் கதைக்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. இன்னொன்று, பென்னுவில் இடக்கையும் வலக்கையும் சமம். ஐசோவேலின்கூட! முர்ச்சிசனை வைத்து எழுப்பிய இடக்கைக் கதை அதோடு ஆட்டம் காண்கிறது, பிள்ளைகள் அதையும் கேட்க வேண்டும், அறிவியல் இப்படித்தான் நகர்கிறது என்று அவர்கள் நேரில் பார்க்கட்டும்.

ஆனால் வாங்கவே வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. திரையில் பார்த்ததைப் பிள்ளைகள் திரையில் பார்த்த மற்ற ஆயிரத்தோடு சேர்த்து மறந்துவிடுகிறார்கள். கசட்டுக் கட்டிக்காக அழுத பெண், அது பொய் என்று தெரிந்த பிறகும் ஒரு மாதம் விண்கல் பற்றி நூலகப் புத்தகம் தேடித் தேடிப் படித்தாள். ஒரு பொருள் முன்னால் இருப்பதன் பலம் அது. பென்னுவின் முடிவுகளை முர்ச்சிசன் துண்டை மேசையில் வைத்துக்கொண்டு சொன்னால், இரண்டையும் ஒப்பிட்டுச் சொன்னால், அந்த முரண்பாடு அவர்களுக்கு உறைக்கும்.

தொடவேண்டும் என்ற அயெண்டே அணிக்கு என் பதில்: தொட ஒரு கல், பார்க்க ஒரு கல். பணத்தைப் பிரித்துப் பெரும்பகுதியில் கிராம் கணக்கிலேயே சிறிய முர்ச்சிசன் துண்டு, மிச்சத்தில் ஒரு சின்ன அயெண்டே சீவல். அயெண்டேயைக் கையில் கொடுக்கலாம், அதில் காட்டப் போவது வெள்ளைக் கட்டி, கரிமச் சேர்மம் இல்லை, வியர்வை பட்டால் கதை கெடாது. முர்ச்சிசன் கண்ணாடிக் குப்பிக்குள் மூடியபடியே இருக்கும், அதை யாரும் தொடக்கூடாது, ஏன் தொடக்கூடாது என்பதே அன்றைய பாடத்தில் பாதி. முர்ச்சிசன் கிராமுக்கு அயெண்டேயைவிடப் பல மடங்கு விலை என்பதால் நம் துண்டு பயறு அளவுக்குத்தான் வரும், பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்துவிடலாம், ஒரு பூதக்கண்ணாடியும் கூடவே வாங்கிவிடலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் சேரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

வைக்கும் முறை பற்றி இரண்டு வார்த்தை. பிளாஸ்டிக் பை வேண்டாம், குறிப்பாக நைலான் வேண்டாம். நைலானிலிருந்து கசியும் ஓர் அமினோ அமிலம் வால்நட்சத்திரத் தூசு கொண்டுவந்த ஸ்டார்டஸ்ட் விண்கலத்தின் மாதிரிகளிலேயே குழப்பம் பண்ணியது. கண்ணாடிக் குப்பி, இறுக்கமான மூடி, அந்தக் குப்பியை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை கேமரா வைக்கும் டிரை கேபினெட்டில் வைத்துவிடலாம். எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, லென்ஸ் இரண்டை வெளியே எடுத்தால் இடம் கிடைக்கும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் ஓவனில் காயவைத்துத் திரும்பப் போடும் வேலையை உயர்நிலைப் பிள்ளைகள் மாதம் ஒருவராக எடுத்துக்கொள்ளட்டும், தேதி எழுத ஒரு நோட்டும் வைத்துவிடலாம். வேதியியல் அண்ணன் மட்டும் இன்னும் அகுவாஸ் சார்காஸில் நிற்கிறார், அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் இந்தக் கணக்கை அவர் முன்னால் வைத்துப் பேசிவிடுகிறேன்.